நகர மறுத்த வாம்பட்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓடாத ரோபோ ஒன்றின் கதை சொல்கிறேன்.

“புரோகிராமை இன்னொரு தடவை மாத்திப் பார்க்கட்டுமா?” என்று கேட்டாள் இமோஜன்.

“மாத்தும்மா, மாத்து. அப்படியே ஒரு தாலாட்டும் எழுதிடு. நல்லாத் தூங்கட்டும்,” என்றாள் டீகன், ரோபோவின் அடியில் தலையை விட்டபடி.

ஆஸ்திரேலியாவின் வுலங்காங் நகர விளையாட்டரங்கில் பள்ளிகளுக்கான ரோபோப் போட்டி. இறுதி ஆட்டத்துக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. இமோஜனும் அணித்தலைவன் கல்லமும் வருஷம் முழுக்க உழைத்துச் செய்து, அந்த நாட்டுக் குழிதோண்டும் விலங்கின் பெயரை வைத்த ‘வாம்பட்’டுக்கு வலது சக்கரங்கள் சுற்றவில்லை. கொஞ்சம் வேகம் கொடுத்தால் மொத்தமாக அணைந்தே போனது. அழைக்கும்போது அது களத்துக்கு வராவிட்டால் கோப்பை எதிரணிக்கு.

“மோட்டார்தான் போயிடுச்சு. வேற மாட்டுவோம்,” என்றான் கல்லம்.

“காலைலேருந்து எத்தனை மாத்தினீங்க?” என்று கேட்டாள் டீகன்.

“ரெண்டு.”

“ஐயோ பாவம்! விசாரணையே இல்லாமத் தூக்குல போட்டிருக்கீங்க.”

டீகன் இரண்டு பக்க மோட்டார் வயர்களையும் இடம் மாற்றி மாட்டினாள். இப்போது வலது சுற்றியது, இடது நின்றது.

“பாத்தியா ராசா? மோட்டார் நிரபராதி. நோவு வயர்ல இருக்கு.” லேசாக இழுத்தாள். இணைப்பிலிருந்து வயர் தனியே கழன்று வந்தது. “இதை மாட்டும்போது இன்னொரு கையில கறி அடைச்ச மீட் பையை வச்சுத் தின்னுக்கிட்டிருந்தியா?”

கல்லமின் காது சிவந்தது. “ரொம்ப இழுக்காதே! நீ என்ன பண்றேன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“பாரு, பாரு. பாத்தாவது கத்துக்கோ.”

வயரைப் புதிதாக அழுத்தி மாட்டினாள்.

“அப்போ அடிக்கடி அணைஞ்சு போகுதே, அது?” என்றாள் இமோஜன்.

டீகன் பேட்டரி முனையிலிருந்த போல்ட்டை ஒரு விரலால் தொட்டாள். அது சுகமாகச் சுழன்றது.

“சும்மா நிக்கும்போது விளக்கெல்லாம் ஜோரா எரியும். மோட்டார் பலமா இழுத்தா கரண்ட் பத்தாம மயங்கி விழும். உன் புரோகிராம் வந்து விசிறி விடுமா?”

ஸ்பேனரால் இறுக்கினாள். வாம்பட் துள்ளிக்கொண்டு ஓடியது. இமோஜன் அவளைக் கட்டிக்கொண்டாள். கல்லம் மட்டும் தரையைப் பார்த்தபடி கேட்டான்: “உனக்கு எதுக்கு இந்த வேலை?”

“செத்துக் கிடக்கிற வாம்பட்டைப் பாக்கச் சகிக்கலை.”

ஒலிபெருக்கி இறுதி ஆட்டத்துக்கு அழைத்தது. டீகன் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு களத்தின் மறுமுனைக்கு நடந்தாள். அங்கே அவளுடைய அணி அவளுடைய ரோபோவோடு காத்திருந்தது. அந்த ரோபோவைத்தான் வாம்பட் மூலையில் தள்ளி, கோப்பையை வாங்கியது.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கிற எதிரியும் இப்படியே வாய்க்கட்டும்.