எந்தக் கட்சிம்மா நீ?

"அரசியலை வாசல்லயே விட்டுட்டு உள்ள வாம்மா" என்றார் செயலாளர், அவள் கையில் இருந்த மடித்த தாளைப் பார்த்ததுமே.

தேர்தலுக்கு இன்னும் பதினைந்து நாள். தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று கத்திக்கொண்டே போனது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அவள் அந்த அலுவலகத்தின் தட்டச்சர். மூன்று வருடமாகத் தற்காலிகம். பதினொரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள் போல மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். நாற்காலியில் உட்காருவதற்கே இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. துணைக்கு வந்த வரவேற்பு மேசை அக்கா, அவள் பின்னால் தூண் மாதிரி நின்றாள்.

விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள். கேட்டது இரண்டே இரண்டு. ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வரும்போது இதே வேலை.

செயலாளர் கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதன் பிறகுதான், தற்காலிக ஊழியருக்கு அப்படி ஒரு விதியே கிடையாது என்றும், குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் இடம் காலியாக இருந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அந்த 'இருந்தால்' அவளுக்குச் சுருக்கென்றது. கணவனுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. வீடு அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

தாளை லேசாகப் பிரித்து, நடுவிலிருந்து வாசித்தாள். "வேலை தற்காலிகமா நிரந்தரமா என்பது பசிக்கிற குழந்தைக்குத் தெரியாது. எல்லாத் தாய்மாருக்கும் ஒரே விடுப்பு வேண்டும்."

செயலாளர் சிரித்துவிட்டார். "மேடையில கைதட்டு வாங்கற வரி. எந்தக் கட்சிம்மா நீ?"

"கட்சி இல்லங்கய்யா. எல்லாக் கட்சிக்கும் பொதுவா எழுதினது."

"அப்போ இன்னும் சௌகரியம். யாருக்கும் பொறுப்பு இல்ல."

அடுத்த வரிக்குப் போனாள். பிள்ளை பெறப் போனவளின் இடத்தை வேறு ஒருவருக்கு நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது. இதை எழுதியவன் ஒரு நாளாவது அலுவலகம் நடத்தியிருப்பானா என்று கேட்டார் அவர். அதற்கும் அடுத்தது, பாலூட்டுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். தனக்கே இங்கே அரை அறைதான், மீதி அரையில் பழைய கோப்புகள் குடித்தனம் நடத்துகின்றன என்றார்.

"கோப்பு பால் கேட்டு அழாதுங்கய்யா" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அதுங்களுக்கு வேற வீடு பாக்கலாம்."

"நீ சும்மா இரும்மா. ஒருத்தியச் சமாளிக்கறதே பெரும்பாடா இருக்கு."

அவருக்கு இப்போது உண்மையாகவே சூடு ஏறிவிட்டது. அறிக்கை விடுவது எளிது, ஆள் வைத்து வேலை வாங்குகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று ஐந்து நிமிடம் பேசினார். கடைசியில் மேசையைத் தட்டினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். இதுல கையெழுத்துப் போட்டவன், முதல்ல தன்கிட்ட வேலை பாக்கற பொண்ணுக்குக் குடுத்தானா? அதச் சொல்லு."

"குடுக்கணும்னு சொல்றீங்களாய்யா?"

"குடுத்தே ஆகணும். இல்லன்னா அவன் கையில இருக்கற பேனாவப் பிடுங்கணும்."

"அக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல" என்றாள் அவள். தாளை முழுதாகப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தாளின் மேல்பக்கம் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு அவளுடைய விண்ணப்பத்தை இழுத்து, ஒரு எழுத்து விடாமல் படித்தார். ஆறு மாதம், முழுச் சம்பளம், திரும்பி வந்தால் இதே வேலை என்று தன் கைப்படவே எழுதினார். மற்ற தற்காலிக ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்று யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்.

"இந்தத் தடவை படிச்சுட்டுத்தாம்மா கையெழுத்துப் போடறேன்" என்றார். மணியடித்து, நாளைக்குள் கோப்புகளைக் கிளப்பச் சொன்னார்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுடைய நடையே வேறாக இருந்தது. எட்டு மாத வயிற்றைப் பட்டம் கட்டிய ராணி மாதிரி சுமந்து வந்தாள். கூடத்தில் காத்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த மனுஷனையே மசிய வச்சிட்டியே. அப்படி யாரும்மா எழுதினது இத?"

அவள் தாளை விரித்துக் காட்டினாள். மேலே, 'தேர்தலில் எங்கள் நிலைப்பாடு' என்ற தலைப்போடு, அவர்கள் எல்லோரும் வேலை பார்க்கும் தாய் சேய் நலச் சங்கத்தின் பெயர் இருந்தது. கீழே, போன மாதம் காரில் ஏறும் அவசரத்தில் ஐயா படிக்காமலே போட்ட கையெழுத்து இருந்தது.