அமைதி ஃப்ரீசர் பாக்ஸின் இரங்கல்

'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி அழித்தான்.

மறுபடி எழுதினான். அதையும் அழித்தான்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்கு அவன் இதுவரை யோசித்ததே இல்லை. ஊரின் ஃபேஸ்புக் குழுவில் யாராவது மாலை போட்ட படத்தை ஏற்றினால் போதும், கீழே முதல் இரங்கல் அவனுடையதாகத்தான் இருக்கும். செத்தது யார், எந்தத் தெரு என்றுகூடப் படித்திருக்க மாட்டான்.

தொழில் அப்படி. இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறான்.

குழுவில் விளம்பரம் கூடாது என்று விதி. அதனால் அவன் பெயரே அங்கே 'அமைதி ஃப்ரீசர் பாக்ஸ்'. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதன் கீழே கைபேசி எண்.

அந்த யோசனையைச் சொன்னது சேவியர்.

"பேரையே கடையா வச்சிருடா. அப்புறம் நீ வாயத் தொறந்தாலே வெளம்பரம்தான்."

சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

சேவியர் மைக்செட் வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவன் பாட்டுதான். பெட்டிக்காரனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தால் கல்யாண வீட்டுக்காரன் கூப்பிட மாட்டான் என்று நாலு பேர் சொன்னார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும் என்று இன்னொரு டீ சொன்னான்.

மாலை போட்ட படத்தில் இன்று இருப்பது சேவியர்.

காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம். குழுவில் பார்த்துத்தான் அவனுக்கே தெரியும்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு ஓடத்தான் முதலில் தோன்றியது. ஆனால் கூப்பிடாத வீட்டுக்குப் பெட்டி போகக் கூடாது. இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் அது. மீறினால் வாசலிலேயே அடி விழும்.

ஒரு வரி எழுதலாம்.

அதற்கும் வழியில்லை. அட்மின் ஞானவடிவு போன வாரமே எச்சரித்திருந்தார். இழவு வீட்டில் கடை விரிக்காதீர்கள் என்றார். பிரியாணிக் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் அண்டாவைப் படம் பிடித்து 'காலை வணக்கம் உறவுகளே' என்று போடுகிறவர். அது விளம்பரத்தில் சேராது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆத்திரமாக வந்தது. துக்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அது முன்னால் வந்தது. இந்த நேரத்தில் இப்படி வருகிறதே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம்.

பெட்டிப் படத்தை நீக்கினான். பெயர் இருந்தது.

பெயரை மாற்றப் போனான். சொந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். சமீபத்தில்தான் மாற்றியிருக்கிறீர்கள், இப்போது முடியாது என்றது. உண்மைதான். பெயருக்குப் பின்னால் இருந்த 'இரவு பகல் சேவை'யைப் போன மாதம் அவனேதான் ஆசை ஆசையாகச் சேர்த்திருந்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

எது வந்தாலும் வரட்டும் என்று எழுதினான்.

'டேய் சேவியரு, நேத்துகூட ஒண்ணாத்தானடா டீ குடிச்சோம்.'

அனுப்பினான்.

பதில்கள் உடனே வந்தன.

'இதுலயுமா?'

'டீ குடிச்சாராம்ல. செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லவா போறான்?'

'மார்க்கெட்டிங்னா இதுதான் மார்க்கெட்டிங்.' இதற்குக் கீழே கைதட்டல் வேறு.

அவர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினான். முடிப்பதற்குள் அவன் வரி காணாமல் போனது. 'வணிக நோக்கம் காரணமாக நீக்கப்பட்டது' என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது.

கைபேசியைச் சுவரில் எறியக் கையை ஓங்கினான். அழைப்பு வருவது அதில்தான். இறக்கிக்கொண்டான்.

புலி வருது கதைதான். அவர்களை மட்டும் என்ன சொல்ல? இத்தனை நாள் எழுதிய இரங்கலில் ஒன்றாவது இரங்கலா?

வண்டியை எடுக்கவில்லை. வண்டி முழுக்கக் கடை பெயர். சட்டை முதுகிலும் அதே பெயர். வெறும் வெள்ளைச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தான்.

சேவியர் வீட்டு முன்னால் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் பாதி, குழுவில் இருக்கிறவர்கள். ஞானவடிவும் இருந்தார். கைபேசியிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

சேவியரின் மகன் ஆன்டோ உள்ளேயிருந்து ஓடி வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் தோளைப் பிடிக்க இவன் கையை நீட்டினான்.

ஆன்டோ அந்தக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சித்தப்பா. உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். குழுல நீங்க போட்டதப் பாத்துட்டு தாய்மாமா கோவத்துல வேற ஆளுக்குச் சொல்லிட்டாரு. பெட்டி வந்துருச்சு."

பெட்டியைப் பற்றிப் பேச வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்.

உள்ளே அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்த வாய் வழியே கிளம்பியது. கண் நிறைந்தது. உதடு கோணியது.

நாற்காலிகளில் யாரோ செருமினார்கள். எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அழுதால் வாடகை போனதற்கு என்பார்கள்.

அவன் பல்லைக் கடித்து அழுகையை விழுங்கினான்.

"சரிப்பா" என்றான்.