ஒரு ஸ்பானர் குறைகிறது

“அண்ணே, என்ஜினை ஸ்டார்ட் பண்ணிடாதே. என் பையில ஒரு ஸ்பானர் குறையுது!”

உதவியாளாகக் கூடவே வேலை செய்யும் தங்கை சொன்னதும் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே நூற்றுச் சொச்சம் பயணிகள் ஏறி உட்கார்ந்தாயிற்று. படகை ஓட்டும் சுக்கானி மணியடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். என்ஜின் அறை ஏணியின் உச்சியில், கையைக் கட்டிக்கொண்டு படகு முதலாளியே நின்றிருந்தார்.

முதலாளி சும்மா வரவில்லை. அடுத்த வாரம் வரப்போகும் புதுப் படகுக்குத் தலைமை மெக்கானிக் யார் என்று இன்றைக்குச் சொல்ல வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, என்ஜின் மூடியைத் திறந்து குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கைகுலுக்கினார். “இருபது வருஷத்துல உன் மேல ஒரு புகார் கிடையாது. எனக்கு அப்படிப்பட்ட ஆளுதான் வேணும். ஒரு தப்புன்னாலும் சீட்டைக் கிழிச்சுடுவேன், தெரியுமில்ல?” என்று வேறு சொன்னார். அப்போது விரிந்த மார்பு இன்னும் சுருங்கவில்லை. அதற்குள் இது.

“நல்லாப் பாரு. உன் கண்ணு எங்க இருக்கு?” பல்லைக் கடித்தான்.

“நீயே பாரேன்.”

குழாயில் மாட்டியிருந்த தன் கான்வாஸ் பையைக் காட்டினாள். அவளே தைத்தது. பதினாறு அறைகள், அறைக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றின் நம்பரும் சிவப்பு நூலில். விரித்து மாட்டினால் ஒரு கடை. சுருட்டி நாடாவைக் கட்டினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணி ஏறிவிடலாம். அண்ணனிடம் இருப்பதோ இரும்புப் பெட்டி. இறக்குவதற்கே இரண்டு ஆள் வேண்டும். உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் நம்பர் அறை காலியாக இருந்தது.

“என்ஜினுக்குள்ள விழுந்திருக்கும் போல.”

“விழுந்திருக்கும் போலவா? எட்டு வருஷத்துல ஒரு ஸ்க்ரூகூடத் தொலைச்சதில்லைன்னு பீத்திக்குவியே! தொலைக்க இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? மெதுவாப் பேசு, முதலாளி நிக்கிறாரு.”

அவள் மெதுவாகப் பேசவில்லை. அண்ணாந்து பார்த்து, “முதலாளி! என் ஸ்பானர் ஒண்ணு என்ஜினுக்குள்ள கிடக்குது. மூடியைத் திறக்கணும்!” என்று கத்தினாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாளே பாவி! மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னப்பா இது?” என்றார் முதலாளி.

ஸ்பானரோடு என்ஜினை ஓட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? “திறந்துதான் ஆகணும் முதலாளி” என்றான்.

மேலே முணுமுணுப்பு கிளம்பியது. “என்ன மெக்கானிக்கு, அண்ணன் தங்கச்சி சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?” என்று சுக்கானி குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. மானம் கப்பலேறும் என்பார்கள். இங்கே கப்பல் கிளம்பாமலே மானம் போய்க்கொண்டிருந்தது.

என்ஜினின் பக்கவாட்டு மூடியை அவன் கழற்றியதும் தங்கை முன்னால் வந்தாள். “தள்ளிக்கோ. உன் தொந்தி அடி வரைக்கும் குனிய விடாது. நான் தேடுறேன். நீ போய் முதலாளியைச் சமாதானப்படுத்து.” பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைவிளக்கோடு உள்ளே கவிழ்ந்தாள்.

அவன் ஏணி ஏறினான்.

முதலாளி அவன் தோளைத் தட்டினார். “நூறு பேர் திட்டினாலும் பரவாயில்லைன்னு திறந்தியே, அதுதான்யா மெக்கானிக்! புதுப் படகு உனக்குத்தான். ஆனா அந்தப் பொண்ணு அதுல காலை வைக்கக் கூடாது. கவனமில்லாதவ.”

“தப்புன்னா தப்புதான் முதலாளி” என்றான். தங்கையை நினைத்துக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் தலைமை மெக்கானிக் என்று காதில் விழுந்த பிறகு கால் தரையில் நிற்குமா?

இருபது நிமிஷம் கழித்து, “கிடைச்சிருச்சு!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வாய் நிறையத் திட்டோடு இறங்கினான். தங்கையின் கைகள் முழங்கை வரை எண்ணெயாக இருந்தன. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் பக்கத்துப் பலகையில் கிடந்தது. துடைப்பதற்காக அதை எடுத்தான். துடைக்க ஒன்றுமில்லை. ஒரு சொட்டு எண்ணெய்கூட அதில் படவில்லை.

“இது எங்க இருந்துச்சு?”

“என் சட்டைப் பாக்கெட்ல.”

“அடிப்பாவி! அப்புறம் எதுக்கு இத்தனை கூத்து?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “முதலாளி கைகுடுக்க வந்தப்போ எந்திரிச்சுப் போனே இல்ல? மூணாவது பிஸ்டன் ராடோட நட்டு ரெண்டும் கையால திருகினதோட நின்னுடுச்சு. திரும்பி வந்து நீ நாலாவதை முடுக்கிட்டு மூடிட்டே. அது நடுத்தண்ணியில கழண்டிருந்தா? அவர் தலைக்கு மேல நிக்கும்போது நான் எப்படிச் சொல்றது? இப்ப முடுக்கிட்டேன். வாயை மூடிக்கிட்டு மூடியைப் போடுண்ணே.”

மெக்கானிக் மூடியைப் போடவில்லை. வாயையும் மூடவில்லை. ஏணியில் நான்கு படி தாவி ஏறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நூற்றுச் சொச்சம் பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்:

“முதலாளி, நட்டை முடுக்காம விட்ட கவனமில்லாத ஆளு நான்தான்! உங்க புதுப் படகோட தலைமை மெக்கானிக் கீழ நிக்கிறா, வந்து கைகுடுங்க!”