கத்தரி வெட்டிய பொத்தான்

மேலாளர் அறைக்குள் புகுந்து திருடுவது என்று கத்தரி முடிவெடுத்தபோது காலை மணி பதினொன்று. திருட வேண்டியது ஒரே ஒரு மெயில். அதுவும் அவனே அனுப்பியது.

கத்தரி என்பது ஆபீஸ் வைத்த பெயர். மெயில் அனுப்பும் மென்பொருள் செய்யும் கம்பெனி அது. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம், ஜனங்கள் ஆசை ஆசையாகப் பயன்படுத்தும் வசதி எதுவோ அதைத் தேடிப் பிடித்து வெட்டுவதுதான் அவன் உத்தியோகம். போன மாதம் வெட்டியது, அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் பொத்தான். நாற்பதாயிரம் பேர் திட்டி எழுதினார்கள். "எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்று அத்தனை பேருக்கும் ஒரே பதிலை அனுப்பச் சொல்லிவிட்டு, மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்று காலை மனைவிக்கு ஒரு மெயில் எழுதினான். மேலாளரின் வழுக்கை, வாய் நாற்றம், மூளையின் எடை என்று ஆற அமர அலசி, இரண்டு பத்தி. அனுப்பிய பிறகுதான் கவனித்தான், போய்ச் சேர்ந்தது மேலாளருக்கே. கை தானாகப் பழைய மூலைக்கு ஓடிப் பொத்தானைத் தேடியது. அங்கே வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தான், பாவி.

பத்தே நிமிடத்தில் மேலாளரிடமிருந்து ஒரு மெயில் வந்து விழுந்தது. தலைப்பே இல்லை. சீட்டைக் கிழித்துவிட்டார் என்று முடிவுகட்டினான். மனைவிக்கு எட்டாம் மாதம். அவளிடம் என்னவென்று சொல்வது? மெயிலைத் திறக்கவில்லை. திறக்காதவரை வேலை இருக்கிறது அல்லவா? தான் எழுதியதை அவர் கணினியிலிருந்து அழித்துவிட்டால், அப்படி ஒன்றை அனுப்பவே இல்லை என்று ஒரேயடியாகச் சாதித்துவிடலாம்.

ஆனால் மனிதர் எழுந்தால்தானே? கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிடித்துவைத்தது போல உட்கார்ந்து, கணினியைக்கூடப் பார்க்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் மூன்று முறை பக்கத்தில் வந்து, சாப்பிடப் போகவில்லையா என்று குழைந்தார். அறுப்பதற்கு முன் கோழியைத் தடவிக்கொடுக்கிற குழைவு.

கடைசியில் பையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பல் டாக்டர்கிட்ட போறேன் தம்பி. வர ஒரு மணி நேரம் ஆகும். நீயும் எழுந்து போய் ஏதாவது சாப்பிடுப்பா."

அவர் லிஃப்டுக்குள் போனதும் கத்தரி பூனை போல நடந்து அவர் அறைக்குள் நுழைந்தான். கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்திலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார் புண்ணியவான். மெயில்களைத் திறந்தான்.

இவன் அனுப்பியது யாரும் தொடாமல், படிக்காத மெயிலுக்குரிய தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது.

அழித்தான். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தான். போன உயிர் திரும்பி வந்தது. கதவருகே வந்தபோதுதான் உறைத்தது. அவர் இதைப் படிக்கவே இல்லை என்றால், எனக்கு எழுதியது என்ன?

குழப்பத்தோடு தன் இடத்துக்குத் திரும்பினான். அவன் நாற்காலியில், பல் டாக்டரிடம் போன மேலாளர், கையில் மவுஸோடு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். திரையில் தலைப்பில்லாத அந்த மெயில் விரிந்திருந்தது: "செல்லம், இங்கே கத்தரின்னு ஒரு மண்டு இருக்கான்..."

மேலாளர் அவசரமாக அதை அழித்தார். கர்சீப்பை எடுத்து வழுக்கையைத் துடைத்தார்.

"அந்தப் பட்டனைத் திரும்ப வைக்க எத்தனை நாள் ஆகும் தம்பி?"