ஒரு ஜி.பி. மாமனும் எழுநூறு எம்.பி. மாமனும்

கோட்டை மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

பென்டிரைவின் முதுகில் முப்பத்திரண்டு ஜி.பி. என்று எழுதியிருந்தது. வீடியோ கடை பிராங்கிளின் அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் இருபத்தொன்பதே முக்கால்தான் காட்டியது. பவித்ராவின் கல்யாண வீடியோவோ முப்பது ஜி.பி.

பென்டிரைவ் செய்கிறவன் ஆயிரத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்குக்கு ஒரு கணக்கு வைக்கிறது என்று பிராங்கிளின் தொண்டை வற்ற விளக்கினான்.

பெண்ணின் அப்பா நல்லுசாமி தக்காளி மண்டிக்காரர். அவருக்கு வேறு மாதிரிப் புரிந்தது.

"கழிவு எடுத்துட்டாய்ங்கன்னு சொல்லு அப்பு. பெட்டிக்கு ரெண்டு கிலோ நானே எடுக்குறவன்தான்."

வேறு பென்டிரைவ் வாங்கலாம் என்றால் கேட்கவில்லை. அது மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டு எடுத்து வந்த பென்டிரைவ். நடுவில் மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

ஆக, கல்யாணத்தில் கால் ஜி.பி.யை வெட்டியாக வேண்டும்.

தாலி கட்டுவதில் கை வைக்க முடியாது. சம்பந்தி வீட்டார் மேல் வைக்கவே முடியாது. மிச்சம் இருந்தது மாமன்மார் சீர். மூத்த மாமன் கருப்பணனுக்கு ஒரு ஜி.பி., இளைய மாமன் அய்யனாருக்கு ஒரு ஜி.பி.

இரண்டு பேரும் கடைக்குள்ளேயே நின்றார்கள்.

பவித்ரா புருஷனோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். மாமன்மார் இருவரும் சேர்ந்து வந்து வழியனுப்பாமல் பெங்களூரு பஸ்ஸில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

பிராங்கிளின் பல்லைக் கடித்துக்கொண்டு அய்யனாரின் சீரில் வாழைத்தார் வரும் இடத்தை வெட்டினான்.

தனக்கு இப்போது எவ்வளவு என்று அய்யனார் கேட்டார். எழுநூறு என்றான். அண்ணனுக்கு? ஒன்று.

அய்யனார் மீசையைத் தடவிக்கொண்டார். தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வைத்தவனுக்கு வெறும் ஒன்றா என்று கருப்பணன் செருப்பைத் தேடினார். வெளியே போகத்தான்.

பிராங்கிளின் பதறிப்போய் அந்த ஒன்றை ஆயிரத்து இருபத்து நான்கு எம்.பி. ஆக்கிக் காட்டினான். உடனே அய்யனார் செருப்பைத் தேடினார். அவருடையதை கே.பி.யாக உடைத்து ஏழு லட்சம் என்றான். அண்ணனுக்கும் உடைக்க வேண்டியதாயிற்று, பத்து லட்சம். தம்பிக்கு பைட்டில் எழுபத்து மூன்று கோடி. அண்ணனுக்கு நூற்றேழு கோடி.

இதற்குக் கீழே ஒன்றுமே இல்லையா என்று அய்யனார் கேட்டார்.

இனி உடைப்பதற்கு என் மண்டைதான் பாக்கி என்று முணுமுணுத்துக்கொண்டே பிராங்கிளின் எட்டால் பெருக்கினான். தம்பிக்குப் பிட்டில் ஐந்நூற்று எண்பத்தேழு கோடி.

நல்லுசாமியின் போன் அடித்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று பவித்ரா அழுதாள்.

கருப்பணன் கம்ப்யூட்டரைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, பைட்டு பெரிதா பிட்டு பெரிதா என்று விசாரித்தார். பைட்டுதான் என்றான் பிராங்கிளின்.

"அப்பப் பெருசு மூத்தவனுக்கு. எண்ணிக்கைய அவன் வச்சுக்கிறட்டும், சின்னப்பய."

தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு நல்லுசாமி பின்னாலேயே ஓடினார். பவித்ரா பஸ் ஏறினாள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை பிராங்கிளின் கடை இருக்கும் தெருவில் கரண்ட் கிடையாது.