நாற்றம் நின்றால் ஓடு

வால்வு திறந்தது.

தொட்டிக்குள் மரக்கூழ் சரிந்து விழுந்தது. வெள்ளை. குளோரின் படாத வெள்ளை.

அவள் குனிந்து ஒரு கை அள்ளினாள். ஆவி முகத்தில் அடித்தது. மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் ஆழமாக இழுத்தாள்.

ஒன்றுமே இல்லை.

இதற்காகத்தான் இத்தனை வருடம் காகித மில்லோடு மல்லுக்கட்டினாள். சவுக்குச் சில்லுகளைக் கந்தக உப்பில் வேகவைக்க வேண்டாம், தண்ணீரும் ஆல்கஹாலும் போதும், அதையும் வடித்தெடுத்து மறுபடி அதே கொப்பரைக்கு அனுப்பலாம், ஆற்றில் ஒரு சொட்டு விட வேண்டாம் என்று. மேடத்தோட சாராய அடுப்பு என்று கேன்டீனில் பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் இப்போது சுற்றி நின்று கை தட்டினார்கள்.

வால்வைத் திறந்துவிட்ட மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தனராஜ் போன பிறகு அவள் கண்ணைப் பார்த்துப் பேசாதவர். மேடம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராதவர். இன்று அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"வாடையே இல்ல பாரு, தங்கச்சி."

அவள் கையிலிருந்து கூழ் நழுவியது.

பழைய பிளான்ட்டில் கூமுட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். லேபில் புதிதாகச் சேர்ந்த அவளை அதற்குப் பழக்கிவிட்டவன் தனராஜ். நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை என்பான். சட்டென்று நின்றுபோனால்தான் ஆபத்து. கந்தக கேஸ் மூக்கைச் சாகடித்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காதே. காற்றுக்கு எதிரே ஓடு. திரும்பிப் பார்க்காதே.

பிறகு அவனே அவளுக்குத் தாலி கட்டினான். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் குளித்தாலும் அவன் கழுத்தில் அந்த நாற்றம் மிச்சமிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்துவாள். அவளுக்கு அது புருஷன் வாசம்.

ஒருநாள் பிளான்ட்டில் நாற்றம் நின்றது.

அவள் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டாள்.

சொன்னவன் கேட்கவில்லை. வாசல்வரை வந்தவன், பின்னால் மைதீன் வருகிறாரா என்று பார்த்தான். காணோம். மறுபடி உள்ளே போனான். வெளியே வரவில்லை.

மைதீன் பம்ப் ரூம் வழியாக முன்னமே வெளியே போயிருந்தார்.

இங்கே பயமில்லை. அவளுக்குத் தெரியும். அவள் போட்ட பிளான்ட். கந்தகம் ஒரு குண்டுமணிகூடக் கிடையாது.

கால்களுக்குத் தெரியவில்லை.

ஓடினாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. இரும்புப் படி. கதவு. வெயில். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. அதற்கு எதிரே ஓடினாள். சில்லுக் குவியலருகே மூச்சு முட்டி நின்றாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார்.

இந்தத் தடவையும் வெளியே வந்தது மைதீன்தான்.

கிட்டே வந்தவர் சட்டென்று நின்றார். அவள் பார்வை அவரைத் தாண்டி, அந்தக் கதவிலேயே இருந்தது.

மைதீன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெல்ல ஓரமாக நகர்ந்து, கதவை மறைக்காமல் நின்றார்.