டாக்டர் சொன்னால் போதுமா?

"எங்கடி கிளம்பிட்டே?"

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் இசக்கியம்மாள். மகள் தாரணிக்கு இது ஐந்தாம் மாதம்.

"பார்க்ல கொஞ்ச நேரம் நடந்துட்டு வரேம்மா."

"ஒண்ணும் வேணாம். பேசாம போய்ப் படு."

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குது. டாக்டரே நடக்கச் சொல்றாங்க."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. போன தடவை கலைஞ்சப்போ உன் பக்கத்துல உட்கார்ந்து அழுதது நானா, டாக்டரா?"

தாரணியின் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"நடந்ததால கரு கலையாதாம். நேத்து ஆஸ்பத்திரியில கர்ப்பிணிகளுக்குக் கூட்டம் போட்டுச் சொன்னாங்க. சிக்கல் ஏதும் இல்லேன்னா தினமும் நடக்கணும், மூச்சு வாங்காம பேசிக்கிட்டே நடக்க முடிஞ்சா அந்த வேகம் சரி. தலை சுத்தினாலோ, வலியோ ரத்தக்கசிவோ வந்தாலோ உடனே நிறுத்திட்டு வரணும்னாங்க. ஒரு மாமியார் எழுந்து, இதெல்லாம் ஆகாதுன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. 'உங்க பயத்துக்குப் பொண்ணை ஏங்க படுக்கையில கட்டிப் போடறீங்க?'ன்னு டாக்டர் ஒரு பிடி பிடிச்சாங்க பாரு!"

இசக்கியம்மாளின் முகம் மாறியது.

"நீ எப்படி அங்க வந்தே?"

"கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடிச்ச ஜோர்ல பெத்த பொண்ணு உன் கண்ணுக்குத் தெரியல, டாக்டரம்மா."

மகப்பேறு மருத்துவர் இசக்கியம்மாள் வாசலை விட்டு விலகினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.

"அது ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சொன்னதுடி. சரி, வா. மெதுவா நட."